கால் ஆணி முதல் மெட்டிப் புண் வரை: பாத மருத்துவரிடம் வாசகர் கேள்விகள்

பாதம் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் அறுவை சிகிச்சை படித்தவள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் 19 வருடமாகப் பாதங்களை மட்டும் பார்க்கிறேன். அங்கே நோயாளிக்கு உயரமான நாற்காலி, எனக்குக் குட்டை முக்காலி. காலை என் மடியில் தூக்கி வைத்ததும் பெரியவர்கள் கூசிப் போய், "ஐயோ, காலைத் தொடாதீங்கம்மா" என்று இழுத்துக்கொள்வார்கள். தொட்டுப் பார்க்காமல் கடிதத்தில் சொல்லும் பதிலுக்கு ஓர் எல்லை உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது, பள்ளி ஆசிரியை. நான்கு மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் உயிர் போகிறது. கொஞ்சம் நடந்தபின் குறைகிறது. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்து அந்த முள்ளை எடுத்துவிடலாமா? — கோவில்பட்டி வாசகி

பதில்: அவசரப்படாதீர்கள். வலிக்குக் காரணம் பெரும்பாலும் அந்த முள் இல்லை. குதிகால் வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் அதே முள் தெரியும்.

குதிகால் எலும்பில் ஆரம்பித்து விரல்களின் அடி வரை உள்ளங்காலில் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. நாள் முழுக்கச் சிமெண்ட் தரையில் நின்று பாடம் எடுக்கிறீர்கள். பட்டை குதிகாலில் ஒட்டும் இடத்தில் சிறிது சிறிதாக நைந்து போகிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கிக் கிடக்கும். காலையில் எழுந்து முழு எடையையும் அதன்மேல் போட்டதும் வெடுக்கென்று இழுபடுகிறது. நடக்க நடக்க இளகிவிடுவதால் வலி குறைகிறது. நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இந்தக் கதைதான்.

நாளைக் காலையிலிருந்து தரையில் கால் வைப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். கட்டிலில் உட்கார்ந்தபடி வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கால் விரல்கள் ஐந்தையும் கையால் பிடித்து, முழங்கால் பக்கமாக மெதுவாக மடக்குங்கள். உள்ளங்காலில் நரம்பு புடைத்த மாதிரி ஒரு விறைப்பு தெரியும். அதுதான் அந்தப் பட்டை. பத்து எண்ணும்வரை அப்படியே பிடித்துவிட்டு விடுங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அப்புறம் சுவரில் கையூன்றி, வலது காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய்ந்து கெண்டைக்காலை நீட்டுங்கள். கெண்டைக்கால் இறுகியிருந்தால் குதிகாலுக்கு விடிவில்லை. மாலையில் பள்ளி விட்டு வந்ததும் ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் காலடியில் போட்டுப் பத்து நிமிடம் உருட்டுங்கள். சர்க்கரையினால் கால் மரத்துப் போனவர்கள் மட்டும் இந்த ஐஸ் வேலையைச் செய்யக் கூடாது.

வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். இதைச் சொன்னால் எல்லா அம்மாக்களும் முகம் சுளிக்கிறார்கள். சமையலறைக்கென்று மெத்தென்ற ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அது வாசல் தாண்ட வேண்டாம். டைல்ஸ் தரையும் கிரானைட்டும் வந்தபிறகு குதிகால் வலியோடு வருகிற இல்லத்தரசிகள் எவ்வளவு பேர் என்று நான் தினமும் பார்க்கிறேன்.

குறைய வாரக் கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக் கணக்கிலும் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடுகிறது. குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் சுகம் தெரியும், உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையும், அந்தப் பட்டையே அறுந்துபோகவும் கூடும். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, மரத்துப் போனாலோ இது வேறு விஷயம். நேரில் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. கால் எரிகிறது என்று முன்பெல்லாம் தூங்கமாட்டார். இப்போது எரிச்சல் இல்லை, குணமாகிவிட்டது என்கிறார். போன வாரம் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்தார். இன்னொன்று வழியில் கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. மெட்டி இறுகி, விரலைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. கழற்றலாம் என்றால் அழுகிறார். அடுத்த பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போக வேண்டும் என்று வேறு சொல்கிறார். என்ன செய்வது? — விருத்தாசலம் வாசகர்

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னைத் தூங்கவிடாதது இதுதான். தம்பி, இந்த வாரமே அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள்.

எரிச்சல் நின்றது குணமானதால் இல்லை. பாதத்தின் நரம்பு பழுதாகும்போது முதலில் எரியும், குத்தும், எறும்பு ஊரும். இன்னும் பழுதானால் எதுவுமே தெரியாது. செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்றால் அம்மா அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இனி முள் குத்தினாலும், சூடு பட்டாலும், செருப்புக்குள் கல் கிடந்தாலும் அவருக்குச் சொல்ல ஆளில்லை.

மருத்துவமனையில் செய்யும் சோதனை சுலபமானது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் சில இடங்களில் தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் "ஆமா" சொல்ல வேண்டும். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள். அப்புறம் பாதத்தின் மேலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்ப்பார்கள். நாடி சரியாகக் கிடைக்காவிட்டால் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். நரம்பு பழுதாவது ஒன்று, ரத்தக் குழாய் அடைப்பது இன்னொன்று. விரல் கறுத்திருப்பதாக எழுதியிருப்பதால் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

வலி தெரியாத காலுக்கு என்ன ஆகும் என்பதை உலகத்துக்குச் சொன்னதில் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படியில்லை, வலி தெரியாததால் அவர்கள் கவனிக்காமல் விடும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். இரவில் தூங்கும்போது எலி கடிப்பது தெரியாமல் சிலர் விரலை இழந்தார்கள். அது தெரிந்தபின், ஊருக்குத் திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வேலூரிலும், பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்தக் காலத்தில்தான் உருவானது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் எழுதிக்கொடுப்பதும் அதே எம்.சி.ஆர். செருப்புதான். அம்மாவுக்கு அதை வாங்கும்போது குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் வரும் செருப்பு அவருக்கு வேண்டாம், அந்த இடத்தில் உரசிப் புண்ணாகும். காலையில் வாங்காமல் மாலையில் வாங்குங்கள், அதற்குள் பாதம் சற்று வீங்கியிருக்கும்.

மெட்டிக்கு வருகிறேன். அம்மா ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரிகிறது. மெட்டி போட்டிருக்கிறார் என்றால் அப்பா இருக்கிறார். அதைக் கழற்றுவது எப்போது என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் அந்த அழுகை. பிடிவாதம் என்று நினைத்துத் திட்டாதீர்கள். அம்மி மிதித்து மெட்டி போட்டுவிட்டவர் அப்பாதானே? அவர் கையாலேயே கழற்றச் சொல்லுங்கள். என் கிளினிக்கில் இப்படி எத்தனையோ தாத்தாக்கள் குனிந்து உட்கார்ந்து கழற்றியிருக்கிறார்கள். ஒரு அம்மா கழற்றிய மெட்டியைத் தாலிச் சரடில் கோத்துக்கொண்டார். இன்னொருவர் பூஜை அறையில் குங்குமச் சிமிழுக்குள் வைத்திருக்கிறார். படுக்கவைத்துக் காலைத் தலையணைமேல் அரை மணி நேரம் உயர்த்தி வையுங்கள். வீக்கம் வடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிச் சுற்றிச் சுற்றி நகர்த்துங்கள். வரவில்லை என்றால் இழுக்க வேண்டாம், மோதிரம் வெட்டும் சிறு கருவியால் மருத்துவமனையில் நிமிடத்தில் வெட்டிவிடுவார்கள். மெட்டிக்கு அடியில் தோல் கிழிந்திருந்தாலோ, நீர் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ வீட்டில் முயற்சியே செய்யாமல் உடனே போய்விடுங்கள்.

கிரிவலம் இந்த முறை வேண்டாம். 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்கால். வெயிற்காலத்தில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் நடந்து, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். சுட்டது ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தரையில் ஈரத்தடம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மலையை வண்டியில் சுற்றிவிட்டு, அதிகாலையில் தரை குளிர்ந்திருக்கும்போது தரிசனம் முடிக்கட்டும். கோயிலுக்குள் கெட்டிப் பருத்திச் சாக்ஸ் போட்டு அழைத்துப் போங்கள்.

தினமும் இரவு நீங்களே அம்மாவின் காலை மடியில் வைத்துப் பாருங்கள். விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம். செருப்பைப் போடும் முன் தட்டி உதறி, உள்ளே கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். குளிக்கும் வெந்நீரின் சூட்டைக் கால் விட்டுப் பார்க்காமல் முழங்கையால் பார்க்கட்டும். கால் குளிர்கிறது என்று வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. என்றைக்காவது ஒரு பாதம் மட்டும் வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்து, வலியும் இல்லாவிட்டால் அன்றே நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உள்ளே எலும்பு நொறுங்க ஆரம்பித்திருக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிறவர்களிடமும் காலைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: டீக்கடையில் மாஸ்டராக இருக்கிறேன். வயது 38. இடது பாதத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே ஆணி. மூன்று முறை கார்ன் பிளாஸ்டர் ஒட்டினேன். பிளேடால் சீவியும் பார்த்தேன். மறுபடி மறுபடி வருகிறதே? — ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: ஆணிக்கு வேர் உண்டு, வேரோடு பிடுங்கினால் போய்விடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அதற்கு வேர் கிடையாது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. தடித்தது உள்ளே அழுத்தி வலிக்கிறது. நீங்கள் நிற்கும் விதமும் செருப்பும் மாறாதவரை எத்தனை முறை வெட்டினாலும் அது திரும்ப வரும்.

முதலில் இது ஆணிதானா என்று பாருங்கள். நேராக அழுத்தினால் வலித்தால் ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளினால் அதிகம் வலித்து, நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மரு, வைரஸால் வருவது. அதற்கு வைத்தியம் வேறு. ஆணிதான் என்றால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நுரைக்கல்லால் (பியூமிஸ் ஸ்டோன்) ஒரு நாளைக்குக் கொஞ்சமாகத் தேய்த்தால் போதும். தேய்ந்துபோன செருப்பை மாற்றிவிட்டு முன்பக்கம் அகலமானதாக வாங்குங்கள். அடுப்புக்கு முன்னால் நிற்கும் இடத்தில் கனமான ரப்பர் பாய் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு மட்டும் வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு முறை ரத்தம் சோதித்துவிடுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. என் அப்பா ரைஸ் மில்லில் கணக்கெழுதியவர், சர்க்கரை இருந்தது. வலது சுண்டுவிரல் ஓரத்தில் ஆணி வந்தபோது மருந்துக்கடையில் கேட்டு ஒரு வட்டப் பிளாஸ்டர் வாங்கி ஒட்டிக்கொண்டார். அதன் நடுவில் இருப்பது சாலிசிலிக் அமிலம். தடித்த தோலைக் கரைப்பதுதான் அதன் வேலை, ஆனால் எது ஆணி, எது நல்ல தோல் என்று அதற்குத் தெரியாது. கரைந்துகொண்டே போனது. அவருக்கு வலிக்கவில்லை. ஒரு நாள் அம்மா வேட்டியில் கறையைப் பார்த்துக் கேட்டபோதுதான் விரல் கறுத்திருந்தது தெரிந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நான் அப்போது ஹவுஸ் சர்ஜன். ஊரார் கால்களுக்கெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், அப்பாவின் காலைக் கேட்டுப் பார்த்ததில்லை. நான் பாத மருத்துவத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் அந்தப் பிளாஸ்டரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: கல்லூரிக் கபடி அணியில் விளையாடுகிறேன். கால் பிரண்டு வெளிப்பக்கம் வீங்கிவிட்டது. பாட்டி எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்கிறார். நண்பர்கள் எக்ஸ்ரே எடு என்கிறார்கள். — உடுமலை வாசகர்

பதில்: பாட்டியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது வெளிக் கணுக்காலின் முன்னால் இருக்கும் தசைநார்தான் முதலில் கிழியும். கிழிந்த புதிதில் உருவினால் உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். எலும்பு முறிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

எக்ஸ்ரே யாருக்குத் தேவை என்பதற்கு கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் ஒரு விதி வகுத்தார்கள். இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறோம். அடிபட்ட உடனேயும், இப்போதும், நொண்டியாவது நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இரண்டு கணுக்கால் எலும்புகளின் பின் ஓரத்தில், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டருக்குள் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரல் எலும்பு பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவாக்கில் முடிந்து முண்டு போல் தெரியும் இடத்திலோ, உள்பக்கம் வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால் எக்ஸ்ரே எடுங்கள். எதுவும் இல்லை என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இரண்டு மூன்று நாள் ஐஸ், க்ரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது. அதற்குமேல் படுத்தே கிடக்காதீர்கள், வலி பொறுக்கும் அளவுக்கு நடங்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தால் விரல்களைப் பாருங்கள். நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ அந்த நிமிடமே கட்டை அவிழ்க்க வேண்டும்.

நிறைய பையன்கள் வீக்கம் வடிந்ததும் களத்தில் இறங்கி, அதே காலை மறுபடி பிரட்டிக்கொள்கிறார்கள். தசைநார் கிழியும்போது பாதம் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் பழுதாகின்றன. ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். பல் தேய்க்கும்போது ஒரு நிமிடம், பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு. அதே காலில் நொண்டி அடித்துக் குதித்தால் வலியோ தடுமாற்றமோ இல்லை என்ற பிறகு கபடிக்குப் போங்கள்.

கேள்வி: மகனுக்கு 4 வயது. ஈரக் காலோடு நடந்தால் முழுப் பாதமும் தரையில் பதிகிறது. தட்டைப் பாதம், விசேஷ ஷூ போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். விலை 6,000 ரூபாய். — ஆவடி வாசகி

பதில்: அந்தப் பணத்தில் பையனை எங்காவது மணலில் விளையாட அழைத்துப் போங்கள். இந்த வயதில் பாத வளைவு கொழுப்பில் மறைந்திருக்கும். பத்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாக வந்துவிடும். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்தால், வலியும் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். நம் நாட்டு எலும்பு மருத்துவர்கள் ராவ், ஜோசப் இருவரும் 2,300 குழந்தைகளின் பாதத்தை ஆராய்ந்து 1992-இல் எழுதினார்கள். ஷூ போட்டுப் பழகிய குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்குத்தான். பாதம் விறைப்பாக இருந்தாலோ, ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலோ, நடக்க வலிக்கிறது என்றாலோ மட்டும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நடவு வேலைக்குப் போகிறேன். விரலிடுக்கில் சேற்றுப்புண். மஞ்சள் அரைத்துப் போட்டால் ஆறுகிறது, அடுத்த நடவுக்கு மறுபடி வருகிறது. இடது கால் சில வருடமாக வீங்கியே இருக்கிறது. — மன்னார்குடிப் பக்கம் ஒரு வாசகி (மகள் எழுதியது)

பதில்: அம்மா, புண்ணைவிட வீக்கம்தான் எனக்குக் கவலை. எங்கள் பக்கத்துக்கு யானைக்கால் நோய் புதிதில்லை. வீங்கிய காலில் விரலிடுக்கு வெடித்தால் அந்த வழியாகக் கிருமி புகுந்து, குளிர் காய்ச்சலோடு கால் சிவந்து இன்னும் வீங்கும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் ஒரு படி ஏறும். அரசு மருத்துவமனையில் காலைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வயலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலிடுக்கில் ஈரத்தை மெல்லிய பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் குளோட்ரிமசோல் களிம்பை இரண்டு வேளை மெல்லியதாகத் தடவி, புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். பாதியில் விடுவதால்தான் அடுத்த நடவுக்குத் திரும்புகிறது. குதிகாலில் வெடிப்பும் இருக்கிறது என்று மகள் எழுதியிருக்கிறார். அதற்கு யூரியா கலந்த களிம்பு ஒன்றை இரவில் கால் கழுவிய ஈரம் லேசாக இருக்கும்போதே குதிகாலில் மட்டும் தடவுங்கள், விரலிடுக்கில் படக் கூடாது. களிம்பு வாங்க முடியாவிட்டால் வாசலின் போதும். காய்ச்சலோடு கால் சிவந்தால் மட்டும் மறுநாள் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.